ரூபி அக்காவின் சாம்பிள் ரூம் சாலட்

ஞாயிற்றுக்கிழமை காலை. தையல் கடையில் மகனுடைய பள்ளிச் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ரூபி அக்காவின் மகள் பிரிசில்லாவின் எண். அந்த எண்ணிலிருந்து வந்தால் பெரும்பாலும் அக்காதான் பேசுவார். அவரிடம் சொந்த போன் இருந்தது. அதை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆகவே "சொல்லுங்கக்கா" என்றுதான் எடுத்தேன்.

"அங்கிள், நான் பிரிசில்லா. அம்மா காலைல போய்ட்டாங்க" என்றாள்.

ஒரு வருடமாகவே அவருக்கு இதயம் பலவீனமாகி, மாத்திரையில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் வேலூர் பாகாயத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே என் செருப்பை எட்டிப் பார்த்து, "இன்னா பாய், இந்தத் தையல எவன் போட்டான்? கண்ண மூடிக்கினு போட்டானா?" என்று கேட்டார். குறை சொல்லும் தெம்பு இருக்கிறது, ஆள் தேறிவிடுவார் என்று நம்பித்தான் பஸ் ஏறினேன். என் நம்பிக்கை பலிக்கவில்லை.

நம் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவர்கள் இப்போது ஊருக்கு ஒருவராக இருக்கிறோம். செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரைத் தெரியாதவர்கள் படித்தாலும் நல்லதுதான். தெரியாமல் போனவர்களுக்குத்தான் நஷ்டம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் என்பது மாடியில் இருக்கும் ஒரு நீள அறை. வெளிநாட்டுக்காரர் கேட்கிற மாடலில் முதல் ஜோடியை அங்கேதான் செய்வோம். அது அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆர்டர்; ஆர்டர் வந்தால்தான் கீழே லைனில் இருப்பவர்களுக்கு வேலை. எங்கள் அறையில் நான் தோல் வெட்டினேன். ரூபி அக்கா தைத்தார். கரீம் பாய் ஃபோர்மேன். நூல், பக்கிள், லேஸ் வைத்திருந்த ஸ்டோரின் சாவி முதலியார் சாரிடம். திருப்பத்தூர்க்காரர், சுத்த சைவம். நாள் முழுக்கத் தோல் வாசனையில் உட்கார்ந்திருக்கிற மனுஷர் முட்டை கூடத் தொடமாட்டார். யாராவது கிண்டல் செய்தால், "கையில படறது வேற, வாயில படறது வேற" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விடுவார்.

அக்காவின் கையில் தையல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவரிடம் வேலை வாங்குவது லேசான காரியம் இல்லை. நான் சேர்ந்த புதிதில், அவசர ஆர்டர் என்று கழுத்துப் பக்கத்துத் தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டேன். கழுத்துத் தோலில் சுருக்கம் இருக்கும். மேல் துண்டுக்கு அதை எடுக்கக் கூடாது. அக்கா அதை விரலில் ஒருமுறை நீவிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கே வந்து வைத்தார். "பாய், இது என் மிஷின்ல ஏறாது. போட்டுக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார். கரீம் பாய் கெஞ்சியும் ஏற்றவில்லை. அன்று மத்தியானம் நான் வேறு தோல் தேடி எடுத்து வெட்டிய பிறகுதான் அவர் மிஷினில் சத்தம் கேட்டது. அந்தப் பிடிவாதம் எனக்கு அப்போது பேஜாராக இருந்தது. அதே பிடிவாதத்தைப் பிறகு ஒரு கிண்ணத்து இனிப்பில் பார்க்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தின வேலை நாள். வேலூரிலிருந்து வருகிற கம்பெனி பஸ்ஸில், பெரிய பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். டின்னுக்குள் ஐஸ், ஐஸைச் சுற்றி மரத்தூள், நடுவே மூடி போட்ட பீங்கான் கிண்ணம். கிறிஸ்துமஸ் என்றால் கேக்கும் முறுக்கும் அதிரசமும் வரும் என்று காத்திருந்த எங்களுக்கு, மூடியைத் திறந்ததும் ஒன்றும் புரியவில்லை. வெள்ளை வெளேரென்று நுரைத்த ஏதோ ஒன்று. அதில் அங்கங்கே ஆரஞ்சுச் சுளை, அன்னாசித் துண்டு, தேங்காய்ப் பூ, பஞ்சு போன்ற சின்னச் சின்ன உருண்டைகள், உச்சியில் ஒரு செர்ரி.

"சாலட்" என்றார் அக்கா.

"வெள்ளரிக்கா எங்க?" என்று கரீம் பாய் கேட்டார்.

"அமெரிக்காவுல இதுக்கும் சாலட்னுதான் பேரு பாய். அம்ப்ரோசியா. சாமிங்க சாப்புட்றதுன்னு அர்த்தமாம்."

முதலியார் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எந்தச் சாமி?"

"அதெல்லாம் தெரியாதுண்ணா. எங்க சாமியும் இல்ல, உங்க சாமியும் இல்ல. சாப்புடுங்க."

அவருடைய அம்மா பாகாயத்தில் ஒரு அமெரிக்க டாக்டரம்மா வீட்டில் சமையல் வேலை செய்தவர். வருடா வருடம் டிசம்பரில் அந்த வீட்டுக்குக் கப்பலில் பார்சல் வரும். டின்னில் அடைத்த பழம், மார்ஷ்மெல்லோ பாக்கெட். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரையில் செய்த மெத்தென்ற மிட்டாய். வேலூர் வெயிலில் பாக்கெட் முழுக்க ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு வருமாம். கத்தரிக்கோலை மைதா மாவில் தோய்த்துத் தோய்த்து அம்மா அதைத் துண்டு துண்டாக நறுக்குவாராம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பாலாடையை ஐஸ் மேல் வைத்து அடித்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்குவதை அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். டாக்டரம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் சாலட் இங்கே தங்கிவிட்டது. அமெரிக்காவில் நர்ஸாக இருந்த தோழி ஒருவர் விடுமுறைக்கு வரும்போது மார்ஷ்மெல்லோ கொண்டுவந்து தருவாராம். கிடைத்த வருடத்தில் செய்வார். அந்த வருடம் கிடைத்திருந்தது.

ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தார். நான் வாயில் வைக்குமுன், என் கெட்ட பழக்கம், பக்கத்தில் கிடந்த காலி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ஜெலட்டின் என்று போட்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரனுக்கு ஜெலட்டின் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் மண்டியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, உள்பக்கச் சவ்வைச் சீவி எடுப்பார்கள். அந்தச் சவ்வும் ஓரத் துண்டுகளும் லாரியில் ஏறிப் போகும். பசைக்கும் ஜெலட்டினுக்கும் போகிறது என்பார்கள். அந்த லாரி கடந்து போகிற வரை பஜாரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"அக்கா, இதுல ஜெலட்டின் கீது" என்றேன்.

"இருந்தா இன்னா?"

"நம்ம ஊரு லாரில போவுதே, அந்தச் சவ்வு. அதுலருந்து எடுக்கறது."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். "பன்னியா, மாடா?"

"எது வேணா இருக்கலாம். எழுதல."

பன்றி என்றால் கரீம் பாயும் நானும் தொட முடியாது. மாடு என்றால் ஹலாலா என்று பார்க்க வேண்டும். முதலியார் சாருக்கு எதுவாக இருந்தாலும் ஆகாது. அவர் ஏற்கெனவே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பூனும் கையுமாக நின்றார்கள். சூழ்நிலையைச் சரிசெய்வதாக நினைத்து நான் சொன்னேன்: "பரவால்லக்கா. அடுத்த தபா எங்களுக்கு மட்டும் அது போடாம தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சுடுங்க."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "பாய், தனியா எடுத்து வெக்கிறதுன்ற பேச்சே எங்கிட்ட வேணாம்" என்றார். கிண்ணத்தை மூடினார், டின்னுக்குள் வைத்தார், மிஷினுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சில நாள் என்னிடம் பேச்சே இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவராகவே ஆரம்பித்தார். அவருடைய அம்மாவுக்கு ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமம். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே டீக்கடையில் தனி கிளாஸ்; குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது பொறுக்காமல்தான் அம்மா ஊரை விட்டு வந்து பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். "டாக்டரம்மா நல்லவங்கதான் பாய். எங்கம்மாவுக்குப் பீங்கான் தட்டு கொடுத்தாங்க, ஓரத்துல நீலப்பூ போட்டது. ஆனா தனித் தட்டு. அந்த சாலட்ட எங்கம்மாதான் செய்வாங்க. மேஜைல இருக்கற கிண்ணத்துலருந்து அவங்களுக்கு ஒரு தபா கூடப் போட்டதில்ல. அடுக்களைல தனியா கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பாங்க. ஊர்ல தனி கிளாஸ், பங்களாவுல தனித் தட்டு. தட்டு மட்டும் பளபளன்னு இருந்துச்சு."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"நான் செய்யறத எல்லாரும் ஒரே கிண்ணத்துல சாப்புடணும். ஒருத்தருக்கு ஆகாததுன்னா அது யாருக்கும் வேணாம். அவ்ளோதான்" என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஆரம்பித்தது மார்ஷ்மெல்லோவோடு அவருடைய மல்லுக்கட்டு. அதை அப்படியே விட்டுவிட்டுப் பழமும் தயிரும் மட்டும் கலந்து கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். நானே சொன்னேன். "அப்புறம் அது பழப் பச்சடி பாய். வாயில வெச்சா மெத்துன்னு அமுங்கணும். அது இல்லன்னா எங்கம்மா செஞ்சது இல்ல" என்று மறுத்துவிட்டார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மார்ஷ்மெல்லோவுக்குப் பதிலாகப் பஞ்சு மிட்டாய் போட்டார். வேலூர் கோட்டை மைதானத்தில் வாங்கியது. கலந்தபோது அழகாகத்தான் இருந்ததாம். பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் பஞ்சு கரைந்து, ஆம்பூரில் திறந்தபோது கிண்ணம் முழுக்க ரோஸ் கலர் தண்ணீரில் ஆரஞ்சுச் சுளை மிதந்தது. கரீம் பாய் அதைக் கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டு, "சர்பத் சூப்பர்" என்றார். அக்கா அவரை முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்கடுத்த வருடம் முட்டையின் வெள்ளையைச் சர்க்கரைப் பாகோடு அடித்து நுரையாக்கிக் கொண்டுவந்தார். அருமையான பதம். நாங்கள் எல்லோரும் கிண்ணத்தைச் சுற்றி நின்றோம். முதலியார் சார் மெதுவாகக் கேட்டார்: "ரூபி, இது எதுலம்மா இவ்ளோ நுரை வந்துச்சு?" அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை முட்டை உடைத்த ஆளுக்கு ஒருமுறை கூட முதலியார் சாரின் ஞாபகம் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க எல்லாரும் சாப்புடுங்கம்மா, எனக்கு இன்னா இப்போ" என்று முதலியார் சார் எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. கிண்ணம் கீழே லைனுக்குப் போனது. அங்கே ஒரு நிமிடத்தில் காலியாகிவிட்டது. மாடியில் எங்களுக்கு ஒரு ஸ்பூன் கூட இல்லை. அப்படியும் ஒரு நியாயம் இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்து வந்தவை நோன்பும் கிறிஸ்துமஸும் ஒன்றாகச் சேர்ந்து வந்த வருடங்கள். அப்படி வந்த முதல் வருடம், நோன்பின் முதல் நாளே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி ஷமீம், நோன்பு திறப்பதற்காகக் கடற்பாசி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் வெள்ளை நார் நாராகக் கொடுப்பார்களே, அதுதான். ஊறவைத்து, காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் ஆறியதும் உறைந்துவிடும். எங்கள் வீடுகளில் அது இல்லாமல் நோன்பு மாதம் போகாது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஷமீமு, இது எதுலருந்து வருது?"

"கடல்ல மொளைக்கிற பாசிக்கா."

"பன்னி இல்ல?"

"அய்யோ, இல்லக்கா!"

"மாடு? முட்டை?"

"ஒண்ணுமே இல்லக்கா. பாசி, அவ்ளோதான்."

"அல்லேலூயா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நோன்பு திறக்கிற வேளையில் எங்கள் தெருவில் அந்தச் சத்தம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஷமீமின் கன்னத்தைக் கிள்ளினார். நான் பல வருடமாக அதே கடற்பாசியைத் தின்றுகொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று என்னையும் இரண்டு வார்த்தை திட்டினார்.

கடற்பாசி சும்மா உறைந்தால் வழுக்கும்; மெத்தென்று இருக்காது. அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காய்ச்சியது ஆறி, இறுகத் தொடங்குகிற பதத்தில் பாலாடையைச் சேர்த்து விடாமல் அடிக்க வேண்டும். காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்கி வரும். அதைத் தட்டில் பரப்பி, உறைந்ததும் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கினால் மார்ஷ்மெல்லோ தோற்றது. அன்னாசியை மட்டும் பச்சையாகப் போடக் கூடாது, பால் சேர்ந்தால் கசந்துவிடும்; சர்க்கரையில் ஒரு கொதி விட்டு ஆறவைக்க வேண்டும். கமலா ஆரஞ்சின் மேல் தோலை உரித்தால் போதாது, சுளையின் மெல்லிய தோலையும் உரிக்க வேண்டும். தேங்காயை அதன் பழுப்பு ஓரம் சேராமல் வெள்ளையாகத் துருவ வேண்டும். எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு பெண்களும் நாலைந்து தடவை செய்து பார்த்தார்கள். செய்து பார்த்ததை எல்லாம் தின்றது நான்தான். எனக்கு இனிப்பில் ஆசை ஜாஸ்தி என்பது நம் ரூமுக்கே தெரியும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இன்னொரு சிக்கல். மத்தியானம் விருந்து என்றால் பாதிப் பேர் நோன்பு. "நீங்க பாத்துக்கினு இருக்க, நாங்க மட்டும் எப்படித் துன்றது?" என்று விருந்தைச் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றினார். வேலூர் பஸ் கிளம்புகிற நேரமும் அதுதான். டிரைவரிடம் போய்ப் பேசி, பஸ்ஸை நிறுத்தி வைத்து, அவரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று முதலாளி வீட்டிலிருந்து கஞ்சியும் பிரியாணியும் வந்திருந்தது. அதில் அக்காவுக்கு அதிகாரம் இல்லை. முதலியார் சார் வழக்கம்போலத் தன் தயிர் சாதத்தோடு உட்கார்ந்தார். சாலட் இந்த முறை கிண்ணத்தில் இல்லை. எல்லோருக்கும் வேண்டுமே என்று பெரிய எவர்சில்வர் வாளி நிறையச் செய்து கேன்டீன் ஃபிரிஜ்ஜில் வைத்திருந்தார். கேன்டீன்காரர் என்ன நினைத்தாரோ, வாளியை எடுத்துக் கரண்டியைப் போட்டுப் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆம்பூரில் பிரியாணிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு வாளி இருந்தால் அது என்னவாக இருக்கும்? பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த கரீம் பாய், பசியில் நேராக வந்து, தட்டில் பிரியாணியைப் போட்டு அதன் தலையில் இரண்டு கரண்டி சாலட்டை ஊற்றிப் பிசைந்தார்.

அக்கா "பாய்!" என்று கத்துவதற்குள் முதல் கவளம் உள்ளே போய்விட்டது. கரீம் பாயின் தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மென்றார். கறித்துண்டோடு ஆரஞ்சுச் சுளையையும், சோற்றோடு தேங்காயையும், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். தட்டை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பச்சடில சக்கர கொஞ்சம் ஜாஸ்தி ரூபி. மத்தபடி நல்லா கீது."

அக்கா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு முதலியார் சாரிடம் போனார். "அண்ணா, தயிரு, பாலாடை, பழம், தேங்கா, சக்கர, கடற்பாசி. வேற ஒண்ணும் இல்ல. என் ஜீவன் மேல சத்தியம்" என்றார். முதலியார் சார் தயிர் சாத டப்பாவின் மூடியை நீட்டினார். ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். மூடியை மறுபடி நீட்டினார். அந்த வாளியிலிருந்து சாம்பிள் ரூமில் ஒருவர் பாக்கியில்லாமல் சாப்பிட்டோம். பஸ் டிரைவர் கடைசியில் வாளியைச் சாய்த்து வழித்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சாப்பிட்டாரா என்று யாருமே கேட்கவில்லை. ஷமீம்தான் மறுநாள் என்னிடம் கேட்டாள்.

பிறகு வருடா வருடம் வாளி வந்தது. புது நூற்றாண்டு பிறந்து சில வருடம் கழித்து, ஒரு டிசம்பரில் சரக்குப் பரிசோதிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு, இது எங்கள் பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ் ஆயிற்றே என்று திகைத்துப்போனார். ஆனால் பாட்டி காலத்தில் இதில் மார்ஷ்மெல்லோவே கிடையாதாம். ஆரஞ்சுச் சுளை, தேங்காய்ப் பூ, சர்க்கரை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பது, அவ்வளவுதான். அந்த நாளில் அவர்கள் ஊரில் ஆரஞ்சும் தேங்காயும் தூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டும். பண்டிகைக்கு மட்டும்தான் வாங்க முடியும். அதனால்தான் அது தேவர்கள் உணவு. க்ரீமும் மார்ஷ்மெல்லோவும் எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை என்றார்.

அந்த அம்மா போனபிறகு அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா பாய் இது! அவங்களுக்கு எது கெடைக்கலியோ அது நம்ம ஊர்ல மரத்துல தொங்குது. நம்ம ஊர்ல இல்லாத ஒண்ணத் தேடிக்கினு நான் இத்தன வருஷம் அல்லாடியிருக்கேன்."

"அப்போ இனிமே கடற்பாசிய வுட்டுடுவீங்களா?"

"அது எப்படி? அது அவங்க பாட்டி சாலட்டு. இது நம்ம ரூம் சாலட்டு. வுட்டா ஷமீமு கோச்சுக்கும்."

அக்கா ஓய்வுபெற்றார். கரீம் பாய் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். சாம்பிள் ரூமை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரிலும் பாகாயத்துக்கு எங்களைக் கூப்பிடாமல் அவர் இருந்ததில்லை.

அடக்கத்துக்குப் பிறகு ஒருநாள் வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருந்தார்கள். முதலியார் சார் திருப்பத்தூரிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். ஜெபம் முடிந்து பந்தலில் பந்தி போட்டார்கள். பிரிசில்லா எங்களிடம் ஓடி வந்தாள். பாவம், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அங்கிள், உங்களுக்கு ஹலால் கடைல வாங்கித் தனியா பண்ணியிருக்கேன். முதலியார் அங்கிளுக்கு உள் ரூம்ல சைவம் போட்டிருக்கு. அங்க கறி வாசனை வராது" என்றாள். நல்ல பிள்ளை. அந்தத் துக்கத்திலும் எங்களை நினைத்து ஏற்பாடு செய்திருக்கிறாள்.

முதலியார் சார்தான் பேசினார். "உள் ரூம்லியா? உங்கம்மா இருந்தா என்னை அங்க உக்கார வுட்டிருப்பாளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தடியை ஊன்றி நடந்து போய்ப் பொதுப் பந்தியில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ஆட்டுக்கறிக் குழம்பு ஆவி பறந்துகொண்டிருந்தது. எண்பதை நெருங்குகிற அந்த மனிதர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நான் அவருக்கு அடுத்து உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சோறும் ரசமும் அப்பளமும். பிரிசில்லா எதிரே நின்று விம்மினாள்.

முதலியார் சார் நேராகப் பார்த்தபடியே ரசத்தைப் பிசைந்தார். "அழாதம்மா. பக்கத்து எலைய நான் பாக்கவே இல்ல" என்றார்.

ரூபி அக்காவை நான் நேசித்தேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "போ பாய், வேலையப் பாரு" என்றிருப்பார். தையல் கற்றுக்கொண்ட என் மகளுக்கு அவர் தையலில் பாதி கூட வராது. அவர் சாலட்டை ஷமீம் செய்வாள், ஆனால் அது அக்கா செய்தது மாதிரி இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்தான். சாப்பிட யார் வந்தாலும், அவர்களுக்கு என்ன ஆகாது என்று முதலில் கேட்பது; ஆகாது என்றதை அடுப்பில் ஏற்றாமல் இருப்பது.

இந்த ரம்ஜான் பெருநாளைக்குப் பிரிசில்லாவும் முதலியார் சாரும் எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நேற்றே சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று என் மைத்துனர் ஷமீமிடம் போனில் விசாரித்தாராம். எனக்கு ஒன்றும் இல்லை. ஆம்பூரில், பெருநாளன்று, எங்கள் வீட்டில் பிரியாணி கிடையாது.